நோவெண்ணெய்: யட்டியாந்தோட்டைத் தோட்டங்களில் வலி நீவிய வரலாறு

யட்டியாந்தோட்டையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர் தோட்டங்களில் உடல் நோவுக்கு எண்ணெய் தேய்த்து நீவும் வழக்கம் தோட்டங்களோடு கூடவே வளர்ந்தது. குறுக்குப் பிடிப்பு, தோள்பட்டை வலி, கழுத்துச் சுளுக்கு, கணுக்கால் பிசகு, மூச்சுப் பிடிப்பு, பிள்ளை பெற்ற உடம்பின் அசதி என அன்றாடம் வந்துபோகும் நோவுகளுக்கு தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் முதலில் எடுக்கப்பட்டது எண்ணெய்க் கிண்ணம்தான். தேய்த்துவிட்டவர்கள் வயதான பெண்கள், நாவிதர், மருத்துவச்சி, ஆற்றுக்கு அப்பால் சிங்களக் கிராமத்திலிருந்த பரம்பரை வைத்தியர். இவர்கள் செய்த வேலைக்கு எழுத்துப் பதிவு மிகக் குறைவு. பிறப்பு, இறப்பு, காய்ச்சல், வாந்திபேதி, கொக்கிப்புழு ஆகியவற்றுக்குத் தோட்ட நிருவாகம் கணக்கு வைத்தது. இடுப்பு வலிக்குக் கணக்கு வைக்கவில்லை. ஆளை வேலையிலிருந்து முழுதாக நிறுத்தாத நோயைத் தோட்டம் நோயாகக் கருதவில்லை. அப்படி ஒதுக்கப்பட்ட நோவுகள் எல்லாம் நீவுகிற கைகளுக்கு வந்து சேர்ந்தன.

சப்பிரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்தில், களனி ஆற்றங்கரையில், அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பாதையில் அமைந்த ஊர் யட்டியாந்தோட்டை. சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடம் என்பதால் தாழ்வான சரிவுகளில் இறப்பரும் சற்று உயரத்தில் தேயிலையும் நிற்கின்றன. இலங்கையின் மிக ஈரமான பகுதிகளில் இதுவும் ஒன்று. ஆண்டு மழை 3,000 மில்லிமீற்றரைத் தாண்டும். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் இலங்கையின் கோப்பியை அழித்த பிறகு தேயிலை பரவியது. இறப்பர் வந்தது வேறு வழியில். 1876இல் கியூ பூங்காவிலிருந்து அனுப்பப்பட்ட கன்றுகள் கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன; ஆனால் மோட்டார் வண்டிகள் பெருகி விலை ஏறிய இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான் களனிப் பள்ளத்தாக்கு இறப்பர்க் காடானது. கொழும்பிலிருந்து புறப்பட்ட குறுகிய பாதை ரயில் 1902இல் அவிசாவளையையும் 1903இல் யட்டியாந்தோட்டையையும் எட்டியது. அதற்கு முன் ஆற்றில் படகும் பாதையில் மாட்டு வண்டியும் சுமந்த சரக்கை ரயில் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி மூடப்பட்டது. ரயில் போய்விட்டாலும் தோட்டங்கள் நின்றன.

பனாவத்தை, வீ ஓயா, களனி முதலிய தோட்டங்களில் குடியேறியவர்கள் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களிலிருந்து, ஆள் சேர்த்த கங்காணிகள் வழியே வந்தவர்கள். பயிர் வேலைக்குப் பழகிய உடம்புகள்தான். ஆனால் ஊரில் உழவுக்கும் அறுவடைக்கும் பருவம் உண்டு, இடையில் ஓய்வும் உண்டு. தோட்டத்தில் ஆண்டு முழுவதும், வேலை பகிர்ந்து தரும் பெரட்டுக்களம் விடிகாலையில் கூடும். ஒரே அசைவை ஒரே கை ஆயிரக்கணக்கான தடவை செய்யும். வலியின் வகையை இது மாற்றியது.

கொழுந்து பறிப்பவர் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடுவார். கூடை நிறைய நிறையப் பாரம் முழுவதும் பின்னால் இழுக்க, கழுத்தும் மேல் முதுகும் அதை எதிர்த்து முன்னால் வளைந்தே நிற்கும். மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் கனக்கும். நிறுவையில் அந்த ஈரத்துக்கென்று எடை கழிக்கப்படும், சுமந்த முதுகுக்கு அந்தக் கழிவு கிடையாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல்கள் கிள்ளும்போது கட்டைவிரலின் அடியும் மணிக்கட்டும் ஓயாமல் வேலை செய்கின்றன. சரிவில் ஒரு கால் மேட்டிலும் மறு கால் பள்ளத்திலுமாக நிற்பதால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். பிற்காலத்தில் பல தோட்டங்களில் கூடைக்குப் பதிலாகச் சாக்கும் நைலான் பையும் வந்தன. தலைக்கயிற்றின் பாரம் போகவில்லை.

இறப்பர்ப் பால் வெட்டின் நோவு வேறு. மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும் விடிகாலையில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருள் பிரியும் முன்பே வேலை தொடங்குகிறது. ஒருவர் ஒரு நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட மரங்களுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் பட்டையை மெல்லிய சீவலாக எடுப்பார். கத்தி கொஞ்சம் ஆழ இறங்கினால் மரம் காயப்படும். ஆகவே மணிக்கட்டு இறுகியே இருக்க வேண்டும். புது மரத்தில் வெட்டு ஏறக்குறைய நெஞ்சு உயரத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கீழிறங்கி, ஐந்தாறு ஆண்டுகளில் தரையை நெருங்கும். மரத்தின் வெட்டு இறங்க இறங்க வெட்டுபவரின் முதுகும் இறங்குகிறது. பிறகு சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, வழுக்கும் சரிவில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இந்த நடையில்தான். ஆண்கள் செய்யும், செடி வெட்டும் கவ்வாத்து, மண் கிளறும் முள்ளுக்குத்து, வடிகால் தோண்டும் கான் வெட்டு ஆகியவற்றில் அடிபடுவது முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி.

இந்த உடம்புகளுக்குச் சட்டம் மருத்துவம் தராமலில்லை. குடியேறிய தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872இலேயே இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டது. பல திருத்தங்களுக்குப் பிறகு 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அதை விரிவாக்கியது. லயங்களைச் சுத்தமாக வைப்பதும், நோயாளிகளைக் கவனித்து வேண்டியபோது வைத்தியசாலைக்கு அனுப்புவதும், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் தங்குமிடமும் தருவதும் தோட்டத் துரையின் கடமையாயின. தோட்டத்து மருந்துச் சாலையில் ஒரு மருந்தாளர் இருப்பார். தொழிலாளர் அவரை 'டாக்டரையா' என்றே அழைத்தனர். கொயினா, பேதி மருந்து, புண்ணுக்குக் களிம்பு, 1910களின் நடுவில் றொக்பெல்லர் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்புக்குப் பிறகு புழு மருந்து என அங்கிருந்தவை தொற்றையும் சாவையும் எதிர்த்தவை. அதில் குறை சொல்ல அதிகமில்லை. தோட்டங்களில் சாவு விகிதம் இறங்கியதில் அவற்றுக்குப் பங்குண்டு. முதுகு வலிக்கு அங்கே கிடைத்தது பூச்சு மருந்துதான். வலியென்று வேலைக்குப் போகாதவருக்கு அன்றைய 'பேர்', அதாவது நாட்கூலிப் பதிவு, விழாது. ஆகவே வலியை மறுநாள் பெரட்டுக்கு முன் தணித்துவிட வேண்டிய தேவை லயத்துக்குள்ளேயே தீர்க்கப்பட்டது.

தீர்க்கும் வழி தமிழகத்திலிருந்து அவர்களோடு வந்திருந்தது. சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளை முப்பத்திரண்டாக வகுக்கிறது. அவற்றில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். ஒற்றடம், பற்று, வேது ஆகியவையும் அதே முப்பத்திரண்டில் அடங்கும். நோவை வளியின் கேடாகக் கண்ட அம்மருத்துவம், அதைத் தணிக்க எண்ணெயும் சூடும் அழுத்தமும் வேண்டும் என்றது. அகத்தியர் பெயரில் வழங்கும் நூல்கள் சொல்லும் வர்ம முறை 108 புள்ளிகளைக் கணக்கிடுகிறது. அது கன்னியாகுமரி வட்டாரத்து ஆசான்களிடம் வேரூன்றிய கலை. காவிரிக் கரையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் தோட்டத்துக்கு வந்தவர்களிடம் இருந்தது அந்த நுட்பமன்று, வீட்டுத் திண்ணையில் பழகிய எளிய கைப்பழக்கம். தொக்கணத்தின் ஒன்பது பெயர்களையும் அறியாமலே அவற்றில் ஐந்தாறைச் செய்யும் பாட்டி ஒவ்வொரு லயத்திலும் இருந்தாள் எனலாம்.

கைத்தொழிலாக இதை அறிந்திருந்தோர் நாவிதக் குடும்பத்தினர். தமிழகத்தில் அவர்கள் மழிப்பதோடு கட்டி கீறுவது, எலும்பு பொருத்துவது, நோவு நீவுவது ஆகியவற்றையும் செய்தனர். அவர்களது பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் இந்த இரட்டைத் தொழில் பதிவாகியுள்ளது. கங்காணியோடு வந்த கூட்டங்களில் நாவிதரும் வண்ணாரும் இருந்தனர். தோட்டத்திலும் அவர்கள் பழைய கடமைகளைத் தொடர வேண்டியிருந்தது. ஊரின் படிநிலை கப்பலேறியபோது அதன் மருத்துவமும் கூடவே ஏறியது. கீழ்ச்சாதி என ஒதுக்கப்பட்ட கையே வலி வந்த நாளில் எல்லார் முதுகுக்கும் வேண்டியிருந்தது என்பதை இந்த வரலாற்றிலிருந்து மறைக்க முடியாது.

எண்ணெய் தீவின் விளைச்சலுக்கு ஏற்ப மாறியது. தமிழகத்தில் நல்லெண்ணெய் பெற்ற முதலிடத்தைத் தாழ்நாட்டுச் சப்பிரகமுவவில் தேங்காய் எண்ணெய் பிடித்துக்கொண்டது. பிடிப்புக்கு விளக்கெண்ணெய், வாதநோவுக்கு வேப்பெண்ணெய் என்ற பழைய தெரிவுகளும் நீடித்தன. எண்ணெயில் பூண்டும் ஓமமும் பொரித்து, இறக்கியபின் கற்பூரம் கரைத்து, கை பொறுக்கும் சூட்டில் தேய்ப்பார்கள். முதலில் உள்ளங்கையால் நீளமாக நீவல், பிறகு கட்டைவிரலால் முடிச்சுப் போலிருக்கும் தசையைத் தேடி அழுத்தல், கடைசியில் மேலிருந்து கீழாக உருவி விடல் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதன்பின் ஒற்றடம்: வறுத்த உப்பு அல்லது தவிட்டைத் துணியில் முடிந்து வைப்பர்; நொச்சி, ஆமணக்கு, எருக்கு இலைகளை வதக்கியும் கட்டுவர். சுளுக்கி வீங்கிய கணுக்காலுக்கு மஞ்சளோ மூசாம்பரமோ குழைத்துப் பற்றுப் போடுவர். வேலை முடிந்து, அடுப்பின் சூடு லயத்து அறையான காம்பராவில் நிற்கும்போதே தேய்ப்பது வழக்கம். எண்ணெய் பூசிய உடம்போடு மழையில் நனைந்தால் நோவு இரட்டிப்பாகும் என்பது நம்பிக்கை.

நம்பிக்கைகள் இன்னும் பல. கால் முன்னே வரப் பிறந்தவர் காலால் தடவினால் முதுகுப் பிடிப்பு விடும் என்றார்கள். கழுத்துச் சுளுக்கினால் தலையணையை வெயிலில் போட்டார்கள்; உலக்கையைக் கழுத்தில் உருட்டினார்கள். திருநீறு போட்டு மந்திரிப்பதும் நீவுவதும் பல வீடுகளில் ஒரே சிகிச்சையின் இரு பாதிகள். சாதாரணச் சுளுக்கும் பிடிப்பும் சில நாட்களில் தாமாகவே தளர்ந்துவிடுபவை. அதனால் தலையணைக்கும் பெயர் கிடைத்தது, பாட்டியின் கைக்கும் கிடைத்தது.

பிள்ளைப்பேற்றில் எண்ணெய்க்கு இருந்த இடம் தனி. பிரசவித்தவளுக்கு எண்ணெய் தேய்த்து, நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய நீர் ஊற்றி, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவது வழக்கம். 1912இன் சட்டம் தந்த ஒரு மாதமும் லயத்தின் தீட்டுக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக வந்ததால், தோட்டப் பெண்ணுக்கு வாழ்நாளில் தொடர்ந்து பல நாள் உடம்பு நீவப்பட்ட ஒரே காலமாக அது அமைந்தது. குழந்தையைக் காலில் குப்புறக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிமார் கை, கால்களை மடக்கி நீட்டி மூட்டுகளைத் தளர்த்தினர். ஓயாமல் அழுகிற குழந்தைக்கு உரம் விழுந்திருக்கிறது என்று சொல்லி வேட்டியில் கிடத்தி இருவர் இரு புறமும் பிடித்து மெல்ல உருட்டுவது, வயிறு உப்பினால் குடல் தட்டுவது என்பனவும் இதனோடு சேர்ந்தவை. பின்னதைப் பற்றி மருத்துவர்கள் எச்சரிக்கக் காரணம் உண்டு: குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளும் நிலையில் வயிற்றை அழுத்துவதும், அதனால் வைத்தியசாலைக்குப் பிந்திப் போவதும் உயிருக்கே ஆபத்து.

எலும்பு முறிந்தாலோ மூட்டு விலகினாலோ தோட்டத்தார் பெரும்பாலும் நாடியது வெதமாத்தயா எனப்பட்ட சிங்கள வைத்தியரை. இறப்பர்த் தோட்டங்களில் தமிழரோடு அயற்கிராமச் சிங்களவரும் வேலை செய்தனர்; மலைநாட்டு உச்சியின் தேயிலைத் தோட்டங்களைவிடக் களனிப் பள்ளத்தாக்கில் தோட்டமும் கிராமமும் நெருங்கிக் கிடந்தன. சிங்கள மருத்துவத்தில் முறிவு நெறிவு பார்ப்பது தனிக் குடும்பச் சொத்து. சர்வ விஷாதி, நாராயண தைலங்கள், இலைக் கட்டு, மூங்கில் பத்தை ஆகியவை அதன் கருவிகள். எண்ணெயால் உடம்பைப் பேணும் வழக்கம் இத்தீவில் மிகப் பழையது. மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டு மருத்துவமனையின் இடிபாடுகளில், மனித உருவில் குடையப்பட்ட கல் தொட்டி இன்றும் கிடக்கிறது. நோயாளியை மருந்தெண்ணெயிலோ மூலிகை நீரிலோ கிடத்துவதற்கானது அது. தேயிலை மலையில் கால் பிசகிய தமிழ்த் தொழிலாளி கிராமத்து வைத்தியரின் திண்ணையில் உட்கார்ந்திருந்த காட்சியில் இந்த இரண்டு மரபுகளும் ஒரே எண்ணெய்ச் சட்டியைப் பகிர்ந்தன. கட்டணம் வெற்றிலையில் வைத்துக் கொடுப்பதாகவே பெரும்பாலும் இருந்தது.

1934ஆம் ஆண்டின் இறுதியில் பரவிய மலேரியாவில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது கேகாலை மாவட்டம். நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகக் கணிக்கப்பட்டது. இடதுசாரித் தலைவர்களான என். எம். பெரேராவும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவர்களது இளம் தோழர்களும் களனிப் பள்ளத்தாக்குக் கிராமங்களில் நிவாரணம் வழங்கியது அப்போதுதான். 1936இல் ருவன்வெல்லையிலும், 1960 முதல் 1977 வரை யட்டியாந்தோட்டையிலும் பெரேரா பெற்ற தேர்தல் வெற்றிகளுக்கு அந்தக் காலத்தின் நினைவும் ஒரு காரணம். மலேரியாவின் உடம்பு முறிவுக்குக் கை எதுவும் செய்ய முடியாது. கொயினா வேண்டும், சோறு வேண்டும். நீவுதல் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை அந்தப் பெருங்காய்ச்சல் துலக்கமாகக் காட்டியது.

காலப்போக்கில் கடைத்தெருவில் சிறு போத்தல்கள் வந்தன. 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம், சிங்கப்பூரின் கோடாலித் தைலம், இலங்கையின் சித்தாலேப என இவை யட்டியாந்தோட்டைக் கடைகளிலும் இடம்பிடித்தன. இத்தகைய தைலங்களின் வேலை பெரும்பாலும் கற்பூரம், மெந்தோல், மெதில் சலிசிலேற் ஆகியவற்றால் நடப்பது. தோலின் குளிர், சூட்டு நரம்புகளை அவை தூண்ட, ஆழத்து வலி சிறிது நேரம் மங்குகிறது. பாட்டியின் எண்ணெயிலிருந்த கற்பூரமே இங்கே அளவோடு அடைக்கப்பட்டது எனலாம். ஆனால் தைலத்தைத் தானே பூசிக்கொள்ளலாம், இன்னொரு கை தேவையில்லை. சிகிச்சையின் பாதி அந்தக் கையில் இருந்தது என்பதை எண்ணினால், வசதி வந்த வழியிலேயே இழப்பும் வந்தது.

நாட்டு மருத்துவத்தை அரசு முறைப்படுத்தியபோது லயத்துக் கைகள் கணக்கில் வரவில்லை. 1929இல் கொழும்பில் சுதேச மருத்துவக் கல்லூரி தொடங்கி ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் கற்பித்தது. 1961இன் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்களைப் பதிவு செய்தது. முறிவு, விஷக்கடி போன்ற தனித்துறைப் பரம்பரை வைத்தியரும் பதிவு பெற்றனர். 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் பயிலலாம். தோட்டத்துப் பாட்டியோ நாவிதரோ எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் குடிகளாகவே பதிவாகியிருக்கவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. சப்பிரகமுவத் தோட்டக் குடும்பங்கள் நீலகிரியின் தேயிலைக்கும் கன்னடக் கரையோரத்துச் சுள்ளியாவின் இறப்பருக்கும் சிதறின. 1977, 1983 வன்செயல்களில் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலிருந்து மேலும் பலர் வடக்கே ஓடினர். கையிலிருந்து கைக்குப் பார்த்தே பழகும் வித்தைக்குப் பாட்டியும் பேத்தியும் ஒரே கூரையில் இருப்பது அடிப்படை. கூரைகள் பிரிந்தபோது அறுந்தது எவ்வளவு என்று அளக்க முடியாது.

மேற்கில் இதே வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மருத்துவமனைக்குள் நுழைந்தது. சுவீடனின் பெர் ஹென்றிக் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிலையம் அமைத்தார். ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோகான் மெஸ்கர் நீவல், பிசைதல், தட்டல் என அசைவுகளை வகைப்படுத்தினார். 1894இல் இங்கிலாந்தில் மசாஜ் பயிற்சி பெற்ற பெண்கள் அமைத்த சங்கமே பின்னர் பிசியோதெரபியரின் சங்கமாயிற்று. தொக்கணத்தின் பட்டியலும் மெஸ்கரின் பட்டியலும் பல இடங்களில் பொருந்துவதில் வியப்பில்லை. மனிதத் தசையைக் கையால் செய்யக்கூடியவை அவ்வளவுதான்.

இவற்றின் பயன் இன்று ஓரளவு அளக்கப்பட்டிருக்கிறது. அழுத்தமும் தொடுகையும் செலுத்தும் உணர்வு, முதுகுத்தண்டில் வலியின் செய்தியை மட்டுப்படுத்தும் என்று மெல்சாக், வோல் இருவரும் 1965இல் முன்வைத்த 'கதவு' கோட்பாடு ஒரு விளக்கம். உழைத்து நைந்த தசையை நீவினால் அழற்சியைத் தூண்டும் சைகைகள் குறைவதை 2012இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. தசையில் தேங்கிய அமிலம் வெளியேறுகிறது என்ற பரவலான பேச்சை அது உறுதிப்படுத்தவில்லை. நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 401 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை வீதம் பத்து வாரம் மசாஜ் பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நலமாயிருந்தனர். நுட்பமான முறையும் வெறும் தளர்த்தும் முறையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. ஆறு மாதம் வரை நின்ற பலன் ஓராண்டில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. 25 ஆய்வுகளைத் தொகுத்த 2015இன் காக்ரேன் மதிப்பீடு இன்னும் எச்சரிக்கையானது: குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது, ஆனால் சான்றுகளின் தரம் தாழ்வு. முழங்கால் தேய்வுக்கும் வாராந்த மசாஜ் ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் உண்டு. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டி, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் சூட்டு ஒற்றடத்தையும் மசாஜையும் பரிந்துரைத்தது. இரண்டில் ஒற்றடத்துக்கே வலுவான சான்று. லயத்தில் நீவியபின் உப்பு வறுத்து ஒற்றியவர்கள் சரியான திசையில்தான் போயிருக்கிறார்கள்.

கரைந்துபோகும் பலன் என்பதுதான் தோட்டத்துக்கு முக்கியமான செய்தி. வலியைத் தந்த வேலை மறுநாளும் காத்திருக்கும்போது நீவுதல் அந்த ஒரு நாளைக் கடக்க உதவும். தலைக்கயிற்றையோ தாழ்ந்த வெட்டையோ அது மாற்றாது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போன பிறகும் நாட்சம்பளத்துக்குரிய கொழுந்தின் கிலோ கணக்கு இறங்கவில்லை, ஏறியே வந்திருக்கிறது.

எண்ணெய் தொடக்கூடாத இடங்களும் உண்டு. முறிந்த எலும்பை நீவினால் நரம்பும் இரத்தக்குழாயும் கிழியலாம்; வீங்கும் கை, காலை இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று உறுப்பே போகலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் அது நாளத்தில் உறைந்த இரத்தமாக இருக்கக்கூடும். தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். வாய்வுப் பிடிப்பு என்று நெஞ்சை நீவி மாரடைப்பில் நேரத்தை இழப்பதும் நடக்கக்கூடியது. கால் மரத்து, சிறுநீர் அடங்காமல் போகும் முதுகு வலி, காய்ச்சலோடும் எடை குறைவோடும் வரும் முதுகு வலி ஆகியவை உடனே வைத்தியசாலைக்கு உரியவை. கைக்குழந்தையின் மூக்கருகே கற்பூரத் தைலம் பூசுவது வலிப்பு வரை கொண்டுபோகலாம்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே, 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படமாக்கப்பட்ட கித்துல்கலையில், இன்று ஆற்றுப் படகுச் சவாரிக்கு வருபவர்களுக்கான விடுதிகள் நிறைந்துள்ளன. இலங்கை எங்கும் அத்தகைய விடுதிகள் ஆயுர்வேத எண்ணெய்த் தேய்ப்பை மணிக்கணக்கில் விற்கின்றன. தோட்டத் தொழிலாளிக்கு இருப்பது வேறு வழி: தோட்டத்து மருந்துச் சாலை, அரசு வைத்தியசாலை, அங்கிருந்து அனுப்பினால் பெரிய ஆதார வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவு. அங்கே தரப்படும் பயிற்சிகளும் சூட்டுச் சிகிச்சையும் இலவசம். ஆனால் பல தடவை போக வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் பஸ் கட்டணமும் ஒரு நாள் பேரும் போகும். இளையவர்கள் கொழும்பிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் நீவிவிட ஆளில்லாமல் போத்தல் தைலமும் வலி மாத்திரையுமே மிஞ்சுகின்றன. பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் எண்ணெய் காய்ச்சுவது தொடர்கிறது.